நாற்பத்திரண்டு பேர் படித்த குழாய்ப் புத்தகம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மகளும் நலம். தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள், இக்கடிதத்தின் இரண்டாம் பத்தி வரைக்குமாவது. போனில் சொல்லத் தைரியம் வராததால்தான் எழுதுகிறேன்.

தாங்கள் எழுதிய 'ஒழுகும் குழாய்களும் ஒழுங்கான தீர்வுகளும்' என்ற நூலை இந்த ஆண்டு நாற்பத்திரண்டு முறை இரவல் எடுத்திருக்கிறார்கள் என்று நூலக வெப்சைட்டில் வந்ததல்லவா, அதற்காக ஞாயிற்றுக்கிழமை விருது என்று நூலகர் சொல்ல, தாங்கள் புதுச் சட்டை தைத்து, பழைய ஆபீஸ் நண்பர்கள் பதினெட்டுப் பேரை அழைத்து, ஏற்புரையைக் கண்ணாடி முன் பேசிப் பார்த்தும் ஆயிற்றல்லவா, மாமா, அந்த வெப்சைட்டைச் செய்த புண்ணியவான் நான்தான். இரவல் எத்தனை, வாசகர் கருத்து எத்தனை என்று நூலகக் கணக்கெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். வெப்சைட் செய்ய நான் வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருளில் ஒரே வரியில் கேட்க வசதி இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டுத் தொலைத்தேன். அது என்ன செய்தது தெரியுமா, ஒவ்வொரு இரவல் சீட்டோடும் எல்லாக் கருத்துச் சீட்டுகளையும் ஜோடி சேர்த்து, ஜோடிகளை எண்ணிச் சொல்லிவிட்டது. இரவல் ஆறு, கருத்து ஏழு. ஆறேழு நாற்பத்திரண்டு. கருத்தும் நாற்பத்திரண்டு என்றே காட்டியது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? (அந்த ஏழு கருத்துகளில் ஐந்து ஒரே கணினியிலிருந்து வந்தவை. அதைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன்.)

நிஜமாக முதலில் நிற்பது ஒரு துப்பறியும் நாவல். முப்பத்தொரு முறை போயிருக்கிறது. படித்தவர்களில் ஒருத்தர்கூடக் கருத்து எழுதாததால் பெருக்க ஆளில்லாமல் பாவம் அங்கேயே நின்றுவிட்டது. 'டிஸ்டிங்ட்' என்று ஒரு சொல் உண்டு, எண்ணியதையே திரும்ப எண்ணாதே என்று அர்த்தம். அதைச் சேர்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது, என் நிம்மதியைத் தவிர. நூலகரிடம் ஓடினேன். கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உங்கள் மகளிடம் யோசனை கேட்டேன். "நீங்களே சொல்லிடுங்க. அப்பா கத்தி முடிச்சதும் என்னைக் கூப்பிடுங்க" என்று போய்விட்டாள்.

எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது, மாமா. அந்த ஏற்புரையைக் கேட்க எனக்கு ஆசை இருந்தது. ஆனால் ஆறு பேர் என்ன சாமானியமா? முன்பின் தெரியாத ஆறு பேர் தேடி வந்து தங்கள் நூலை எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை எந்தப் பிழையும் தங்களிடமிருந்து பறிக்க முடியாது.

அத்தைக்கு என் வணக்கம். ஆசீர்வாதம் ஏதாவது மிச்சமிருந்தால் அனுப்பிவைக்கவும்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். நான் எண்ணியது இரவலைத்தான், ஆட்களை அல்ல. ஆட்களுக்கும் அந்த 'டிஸ்டிங்ட்' சொல்லைப் போட்டால் ஒன்று என்று வருகிறது. ஆறு முறையும் எடுத்தது அத்தை. போன் செய்து கேட்டேன். "சமையல்கட்டுக் குழாய் ஒரு வருஷமா ஒழுகுது, மாப்பிள்ளை. அவர்கிட்ட சொன்னா, புத்தகத்துல எழுதியிருக்கேன், படின்னு சொல்றாரு. வீட்ல இருந்த காப்பியெல்லாம் நூலகத்துக்கே தானம் பண்ணிட்டாரு" என்றார். பன்னிரண்டாம் அத்தியாயம் வரை வந்துவிட்டாராம். குழாய் இன்னும் ஒழுகுகிறது.