பொண்ணு பார்க்கப் போய் நாப் கழட்டிய கதை

‘எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு வீடு நிறைய ஆட்கள் முன்னால் மானத்தை வாங்கிக்கொண்டவன் நான்.

அப்போது நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆபீசில் இருந்தேன். தீவன லோடு கிளம்பிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு, ‘கிளம்பிருச்சுங்க’ என்று போனில் சொல்வதுதான் வேலை. (கிளம்பியிருக்காது.) தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கிய பழக்கம், ஜேடர்பாளையத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் கூடவே வந்துவிட்டது.

போனது நான், அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான சங்ககிரி மாமா. மாமா லாரிப் பட்டறை வைத்திருப்பவர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் கார் டிக்கியில் டூல்ஸ் பெட்டி இருக்கும். (எழவு வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.)

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, நித்யா வந்தாள். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்று ஒரே கவலை. “புள்ள சேலத்துல வேலைக்குப் போகுதுங்க. கிடார் வேற வாசிக்குது” என்றார் அவள் அப்பா. பெருமையாகச் சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே, “ரெண்டு பேரும் போயி நாலு வார்த்தை பேசிட்டு வாங்க” என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். கதவு மட்டும் திறந்தே இருந்தது.

கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்து போயிருந்தேன். கட்டிலில் கிடந்த எலக்ட்ரிக் கிடாரைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோனது. அதன் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் குமிழ்கள் கழன்று கிடந்தன.

“என்னங்க ஆச்சு இதுக்கு?”

“சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற நாப்புங்க. அடியில நட்டு லூசாயி ஆடுது. நட்டை இறுக்கோணும்னா நாப்பைக் கழட்டோணும். வெள்ளை ரெண்டும் வந்துருச்சு, இந்தக் கருப்பு மட்டும் வரமாட்டீங்குது. பழசு வாங்குனதுங்க, முன்னாடி வெச்சிருந்தவங்க இதை மட்டும் மாத்திருப்பாங்களாட்ட இருக்குது. ஞாயித்துக்கெழமை எங்க ஆபீஸ் விழாவுல வாசிக்கோணும். மேடையில இதுதான் மொத தடவை.”

விடை அவள் சொன்னதிலேயே இருந்தது. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஒரு துணி நாடாவை நாப்புக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து நேராக மேலே இழுத்தால் கீறல் விழாமல் வந்துவிடும் என்று, வெள்ளை நாப் கழட்டிய விதத்தையும் சொன்னாள்.

“அட, இதானுங்களா? எங்கிட்ட உடுங்க” என்றேன்.

அதுவரை நான் கிடாரைக் கையால் தொட்டதுகூட இல்லை. அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை குழப்பம்தான்.

நாடாவுக்குப் பதில் என் கைக்குட்டையைக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். கைக்குட்டை டர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, மொத்தப் பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நித்யா “வேண்டாங்கப்பா” என்பதற்குள் அவள் அப்பா இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டார். “சுடுதண்ணி ஊத்தினா கழண்டுக்குமுங்க” என்றார் என் அப்பா. நல்லவேளை, யாரும் ஊற்றவில்லை. என் அம்மாவும் அவள் அம்மாவும் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று விவாதித்தார்கள். மாமா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது பேரிங் கழட்டற மாதிரிதான் மாப்ள. இரு, வாரேன்.”

டிக்கியிலிருந்து புல்லரோடு வந்தார். மூன்று கால் கொக்கி. அடியில் கவ்வக் கொடுத்து நடு போல்ட்டைத் திருகினால், லாரிச் சக்கரத்துப் பேரிங்கே அலறிக்கொண்டு வெளியே வரும். கிடாரில் கீறல் விழக்கூடாதென்று தன் துண்டை மடித்து வேறு வைத்தார். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

நித்யா என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்: “இது சரியா வருமுங்களா?”

அந்த இரண்டு விநாடி அங்கேதான் இருந்தது.

“வருமுங்க” என்றேன்.

திருகினேன். “இன்னும் ஒரு அரைச் சுத்து” என்றார் மாமா. டக்! நாப் என் கையில். எல்லோரும் ‘அப்பாடா’ என்றார்கள். நான் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

“வந்தது நாப் மட்டும் இல்லீங்க” என்றாள் நித்யா.

பார்த்தால் நாப்போடு ஒரு இரும்புத் தண்டும் வால் மாதிரி தொங்குகிறது. கிடாரில் அது இருந்த இடத்தில் ஓட்டை. “இது எங்கிருந்துங்க வந்துச்சு?” என்று நான் அவளிடமே கேட்டேன்!

அவள் என் கையிலிருந்து வாங்கி, எண்ணெயைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அங்கே கடுகு அளவு ஒரு துளை. துளைக்குள் ஒரு குட்டி ஸ்க்ரூ. மாற்றிப் போட்ட இந்தக் கருப்பு மட்டும் ஸ்க்ரூ வைத்து இறுக்கும் வகை. மூலையில் இருந்த தையல் மெஷின் டிராயரிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு சுற்று திருப்பினாள். நாப் தானாகக் கழன்று, யாரோ கையோடு கொண்டுவந்திருந்த பஜ்ஜித் தட்டில் விழுந்தது.

அவள் கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சுக்கங்க. எனக்குக் கிடாரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. உங்க முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

காரில் திரும்பினோம். நாமக்கல் நெருங்கும்போது மாமா, “பேரிங்கா இருந்திருந்தா அலுங்காம வந்திருக்கும்” என்றார்.

மூன்றாம் நாள் நித்யாவே போன் செய்தாள். சேலத்தில் புதுப் பாகம் கிடைத்து மாட்டியாகிவிட்டதாம். “ஞாயித்துக்கெழமை வாசிக்கறனுங்க, வாங்க.”

“நானுங்களா? ஏனுங்க?” எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அன்னைக்கு ரூம்ல இருந்த யாருக்குமே தெரியாது. தெரியாதுன்னு வாயத் தொறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் லேட்டாத்தான் சொன்னீங்க.” பிறகு, “மாமாவைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பொட்டியை மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க” என்றாள்.

எங்கள் கல்யாணத்தில் பெண் வீட்டுச் சீர்த்தட்டில் தேங்காய், பழம், மஞ்சளுக்கு நடுவே அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவரும் இருந்தது. அதைத் தட்டோடு தூக்கி மண்டபம் முழுக்கக் காட்டி, அதிகமாகச் சிரித்தவர் மாமாதான்.

இப்போது எங்கள் வீட்டில் எது இறுகிக்கொண்டாலும் ஒரே கேள்விதான். போன வாரம் ஊறுகாய் பாட்டில் மூடி வரவில்லை. நான் பல்லைக் கடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்:

“அப்பா, பக்கவாட்டுல பாத்தீங்களா?”

சமையலறையிலிருந்து நித்யா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஊறுகாய் மூடியில் ஸ்க்ரூ இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.