கீச்சானுக்கு வாயறுத்த படலம்

வாழி. கடைவாய்ப் பல்லின் கரந்துறை வேரைக் கண்ணிமைப் பொழுதில் களைந்தெறியும் கொறடேந்திய கையன், பிறர் திறந்த வாயெல்லாம் குகையெனப் புகுந்து வென்று மீளும் விளக்கணி நெற்றியன், வெள்ளங்கி வேந்தன், பல் டாக்டர் வாழி. அவன் தன் காரை வெயிலுக்குத் துரத்திவிட்டு, அது நின்ற கொட்டகையில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்களை அணியணியாய் நிறுத்திக் கட்டியெழுப்பிய பைப் ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி வாழி. அதன் அடிவயிற்றில் அமர்ந்து ஓயாது காற்றூட்டும் மோட்டார் வாழி. இவை யாவும் பொறுத்த அவன் மனைவி நீடு வாழி.

அவ்வேந்தனுக்கு உயிர்த்துணையாய் வாய்த்தவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மாடிதோறும் மாந்தரை ஏற்றலும் இறக்கலும் தன் ஒரு திருப்புளியால் நடத்தும் பேராற்றலன். பொது மண்டபத்துப் பழைய ஆர்கனின் ஒரே குழாய்க்குள் இருவரும் ஒருசேர எட்டிப் பார்த்து, மண்டையும் மண்டையும் மோதிய நன்னாளில் பிறந்தது அந்த நட்பு. அன்றுதொட்டு ஒருவன் கற்றது மற்றவனுக்கும் உரியதாயிற்று. இருமும் குழாயின் உதட்டிடுக்கில் மொடமொடப்பான தாளை நுழைத்து உருவினால் தூசி நீங்கிக் குரல் தெளியுமென்று டாக்டர் ஓதினான். மிகையாய்க் கத்தும் குழாயின் கால்துளையை மெல்லத் தட்டிச் சுருக்கினால் காற்றுக் குறைந்து அடங்குமென்று மெக்கானிக் மொழிந்தான். நோயாளி ஒருவர் வாய்பிளந்து கிடக்கையில், "இன்னும் கொஞ்சம் வாயை அறுத்துவிடு, சத்தம் அடங்கிரும்" என்று டாக்டர் போனில் நண்பனுக்கு அருளிய அறிவுரையைக் கேட்டு, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் பாய்ந்தோடியவர் இன்றளவும் திரும்பினாரில்லை.

இத்தகு நட்பின் நடுவே புகுந்தது ஊழ். டாக்டரின் பிறந்தநாளுக்கென மெக்கானிக் தன் கையாலேயே உலோகம் உருக்கி, தகடு வார்த்து, உருளையில் சுருட்டி, பற்றவைத்து, உதடு வகுத்து ஒரு குழாய் செய்து, குழந்தையை ஏந்துவதுபோல் துணியில் சுற்றிக் கொணர்ந்து கொடுத்தான். கொடுத்தவன் கண் கலங்கினான். பெற்றவன் அதை இரு கையாலும் மார்போடு அணைத்தான். நண்பன் வீடு திரும்பியபின் அதை அணிவகுப்பில் நிறுத்தி அதற்குரிய சுரக்கட்டையை அழுத்தினால், அந்தோ, அது தனக்குரிய சுரத்தை விட்டெழும்பி மேற்சுரத்திற்குத் தாவி, வால் மிதிபட்ட எலிபோல் கீச்சிட்டது. கேட்ட கணமே டாக்டர் நோயறிந்தான். மேலுதட்டை வேண்டிய உயரத்திற்கு அறுக்காமல் விட்டதால் வாய் தாழ்ந்து, வந்த காற்றைத் தாங்கமாட்டாது குரல் எகிறுகின்றது. ஆயினும் அன்பொழுகத் தந்தவனிடம் உன் பரிசு பழுதென்று எந்நாவால் உரைப்பது? கால்துளையைச் சுருக்கிப் பார்த்தான். கீச்சொலி அடங்கியது, கூடவே குரலும் அடங்கி, கிசுகிசுப்பாய்த் தேய்ந்தது. துளையைப் பழையபடி விரித்தான். அறுக்கக் கத்தி எடுத்தான். நண்பனைக் கேளாமல் அவன் பிள்ளையின் உதட்டில் கைவைப்பதா என்று நாணிக் கீழே வைத்தான். முடிவில், அந்த ஒரு சுரம் வாராத பாட்டாய்த் தேடித் தேடி வாசிக்கும் கோழையானான், கொறடேந்திய கையன்.

அவ்வேளை பார்த்து மனைவியின் அக்கா ஞாயிறன்று மதியம் சாப்பிட வருவதாய்ச் சேதி வந்தது. கொட்டகைக் குழாய்களைத் தகரம் என்றே வழங்கும் பெருமாட்டி அவள். "அவர் தகரத்தை உருட்டல அக்கா. வந்து கேட்டுப் பாரு" என்று மனைவி சூளுரைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை, தன் பரிசின் குரல் கேட்கும் ஆவலோடு வந்து பெயிண்ட் டப்பாமேல் வீற்றிருந்தான் மெக்கானிக். டாக்டர் வாசித்தான். ஒரு பாட்டு முடிந்தது. மறு பாட்டும் முடிந்தது.

"டாக்டரே, என் குழாயைத் தொடவே மாட்டேங்கிறியே, ஏன்?"

"புதுசுல்ல. கொஞ்சம் பழகட்டும்னு விட்டிருக்கேன்."

"குழாய்க்கு என்னய்யா பழக்கம்" என்று எழுந்து வந்து தானே கட்டையை அழுத்தினான். கிளம்பிய கீச்சொலியில், கூரைமேல் துயின்ற பூனை துயில் கலைந்து, அடுத்த வீட்டு மதிலையும் கடந்து அதற்கடுத்த வீட்டில் அடைக்கலம் புகுந்தது. மெக்கானிக் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"வந்த நாள்லேர்ந்து. ஆசையா செஞ்சு குடுத்தே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"என் வாய் நாறுதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றே. குழாய் வாய் தாழ்ந்திருந்தா சொல்ல மாட்டியா?"

சினமோ சிரிப்போ எனப் பிரித்தறியவொண்ணாத குரலில் இவ்வாறு முழங்கிய மெக்கானிக், குழாயை உருவி மடியில் கிடத்தி, கத்தியை எடுத்து உதட்டில் வைத்தான். பல மாடி உயரத்தில் கம்பிவடத்தைப் பற்றித் தொங்கியும் தளராத கை, கத்தியை டாக்டர் பக்கம் நீட்டிற்று.

"முடியலய்யா. நான் பெத்தது. நீயே அறு."

அப்பொழுதன்றோ எழுந்தான் அரிமா. நெற்றி விளக்கை ஏற்றினான், மூச்சை அடக்கினான், மயிரினும் மெல்லிய சீவல் ஒன்றைச் சீவியெறிந்தான். ஊதினர், கீச்சிட்டது. மீண்டும் சீவினான், முக்கிற்று. மேலும் சீவினான், தனக்குரிய சுரத்தில் வந்து இறங்கிற்று, ஆனால் மாமியார் வீட்டு வாசலில் நிற்கும் புது மாப்பிள்ளைபோல் தயங்கித் தயங்கியே வாய்திறந்தது. வாசலில் காரின் ஒலி எழுந்தது.

"அக்கா வந்துட்டாங்க" என்றாள் மனைவி, கதவருகே நின்று.

"இன்னும் ஒரு முடி அளவு" என்றான் டாக்டர்.

"போதும்யா. அறுத்துட்டா ஒட்ட முடியாது."

"என்னை நம்புறியா இல்லையா?"

மெக்கானிக் சற்றே சிந்தித்தான். "பல்லுக்கு நம்ப மாட்டேன். இதுக்கு நம்புறேன்."

அறுத்தான். ஊதினர். முகில்கிழித்து எழுந்த முழுமதியென, தயக்கமற, கலக்கமற, வட்டமாய், நிறைவாய், தேன்தோய்ந்து எழுந்தது தனிக்குரல். வெள்ளங்கி வேந்தன் நண்பனை இடுப்போடு தூக்கினான். தூக்கப்பட்டவன் உத்தரத்தில் தலையிடித்தும் நோவறியாது நகைத்தான். கொட்டகை வாயிலில் வந்து நின்ற அக்காவின் கையைப் பற்றி இருவரும் குலுக்கிய குலுக்கில் அவள் கைப்பை அதிர்ந்தது.

பின் குழாயை அணியில் நிறுத்தி, அதைத் திருத்திய கதையைச் சொல்லி அவளை நாற்காலியில் இருத்தி, முன்பு ஒதுக்கிய சுரத்தையே அடிக்கொரு முறை நாடும் பாட்டாய்த் தேர்ந்து வாசித்தான் டாக்டர். கொட்டகை நிறைந்தது. அக்கா கடைசிவரை செவிமடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எல்லாம் ஒண்ணுபோலத்தானே கேக்குது. எந்தக் குழாயைச் சரி பண்ணுனதா சொன்னீங்க?"

மொழிந்தனள் அம்மொழி. உடன்பிறந்தாரிடைப் புது மகவு இதுவென எவரும் பிரித்தறியாவண்ணம் ஒரு குழாய் ஒன்றிக் கலத்தலே குழாய்க்குக் குரல் வகுப்போர் தவத்தின் பெரும்பேறாதலின், பட்டமும் பரிசும் ஈயாத பேரின்பத்தை அப்பெருமாட்டியின் ஒற்றைக் கேள்வி ஈந்துவிட, எண்டிசையும் வெற்றிமுரசு அதிர்வதாய்த் தம் செவிக்குள் கேட்டவராய், கண்ணீர் மல்க, தோளோடு தோள் பிணைய, ஒருவர் முகத்தில் ஒருவர் தம் வெற்றியைக் கண்டு, உலகனைத்தும் ஒரு பெருங்குழாயாய்த் தம்பொருட்டே முழங்குவதாய் உணர்ந்து, நெஞ்சு விம்மி நின்றனர் நண்பர் இருவரும்.

அப்புறம் எல்லாரும் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.