ஆர்டித் தனியே மலையேறிய விதம்

அந்தத் தாளில் ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆர்டித் நிரப்பிவிட்டாள்.

வேட்டைக்குப் போகிறவர் யார்? ஆர்டித். உடன் செல்வோர்? எவருமில்லை. இந்த விடையின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள் இழுத்திருந்தாள். புறப்படும் நாள், திரும்பும் நாள், வண்டியின் எண், இரத்த வகை, எல்லாம் எழுதியாயிற்று. எஞ்சி நின்றது ஒற்றைச் சொல்: எங்கே?

"எழுதிட்டியா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அவள் கணவன் ஹார்லன், அறுவை செய்த முழங்காலின் மேல் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தான்.

"எழுதிக்கிட்டே இருக்கேன்."

"அரை மணி நேரமா ஒரே வரி. பைபிளைப் பார்த்து எழுதறியா?"

"நீ பனிக்கட்டியைக் கவனி. உருகுது."

முப்பத்தோரு இலையுதிர்காலங்களாக இந்த வீட்டின் எல்க் வேட்டை ஒரே ஒழுங்கில் நடந்து வந்தது. முன்னே துப்பாக்கிகளோடும், எல்க்கைப்போல் கூவி அதை அழைக்கும் குழல்களோடும் ஹார்லனும் அவன் தம்பி டுவைட்டும் நடப்பார்கள். பின்னே பானை, அடுப்பு, உருளைக்கிழங்கு மூட்டை ஆகியவற்றோடு ஆர்டித் நடப்பாள். திரும்பும்போது அவற்றோடு ஒரு மான்தொடையும் அவள் முதுகில் ஏறும். இந்த ஆண்டு ஹார்லனின் முழங்கால் வேட்டைக்கு வர மறுத்துவிட்டது.

"இந்த வருஷம் விட்டுடலாம்" என்றான் அவன்.

"ஆபரேஷன் உன் முழங்காலுக்கு. என்னுதுக்கு இல்ல."

ஆனால் ஆர்டித் ஒன்றும் அறியாதவள் அல்லள். எல்க் என்பது குதிரையளவு நிற்கும் மான். சாலையிலிருந்து ஏழு மைல் தள்ளி அது விழுந்தால், தனி ஆள் அதைக் கூறுபோட்டுச் சுமந்து வர ஐந்து நடையாகும். செப்டம்பர் வெயிலில் இறைச்சி காத்திருக்காது. வாடை பிடித்த கரடியும் காத்திருக்காது. பாறையில் கால் பிசகினால் கூப்பிட்ட குரலுக்கு எதிரொலி மட்டுமே துணை. அவளுக்கோ அறுபத்தொரு வயது. போவதா, இருப்பதா என்று மூன்று வாரம் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டே எண்ணிப் பார்த்தாள். முடிவு எட்டாமலே இருந்தது. அப்போதுதான் ஹார்லன் காப்பிக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல், "தனியா உன்னால முடியாது" என்றான்.

அந்தக் கணத்தில் முடிவு எட்டியது.

"சரி, போ. ஆனா போற இடத்தை எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிட்டுப் போ. உன் உடம்பைத் தேடவாவது ஒரு இடம் வேணும்ல?" என்றான் ஹார்லன்.

அது நியாயந்தான். இடர்ப்பாடு அங்கேதான் இருந்தது. இந்த ஊரில் ஒருவர் தம் வயதைச் சொல்வார்; தம் நோயைச் சொல்வார்; கேட்டால் மனைவியோடு போட்ட சண்டையையும் சொல்வார். எல்க் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் உயிர் பிரியும் நேரத்திலும் சொல்லமாட்டார். கேட்பவரும் உண்மையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

ஆர்டித்துக்கும் அத்தகைய ஓரிடம் வாய்த்திருந்தது. ஜூலையில் காட்டுப்பழம் பறிக்கப் போனபோது, சாத்தான் படிக்கட்டு என்னும் செங்குத்தான ஓடையைத் தொற்றி ஏறி, உச்சியில் தொங்குவதுபோல் கிடந்த ஒரு புல்வெளியைக் கண்டாள். ஊரார் எவரும் மிதியாத புல். அதன் நடுவே சேறு கலங்கிய சுனை. சுனையைச் சுற்றிலும் அவள் உள்ளங்கையை விடப் பெரிய குளம்புத் தடங்கள். அன்று அவள் தன்னை மறந்து ஒரு துதிப்பாடல் பாடினாள். பாதியில் நினைவு வந்து, எவர் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஹார்லன் நல்லவன். ஆனால் அவன் வாயில் ஓர் இரகசியம் காப்பி ஆறும் நேரங்கூடத் தங்காது. ஆகவே எஞ்சிய வரியில் ஆர்டித் 'கரடிப்பல் ஓடை' என்று எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

காப்பி ஆறுவதற்குள் டுவைட் வாசலில் நின்றான்.

"கரடிப்பல்லா? நல்ல இடம். என் ரெண்டு கோவேறு கழுதையையும் கூட்டிக்கிட்டு நானும் வரேன். மூட்டை தூக்க வேணாமா உனக்கு?"

"முப்பத்தோரு வருஷம் நான் தூக்கினப்ப உன் கழுதை எங்க போச்சு?"

"அப்ப என்கிட்ட கழுதை இல்ல."

"இருந்துச்சு. தொப்பி போட்டுக்கிட்டு என் முன்னாடி நடந்துச்சு."

டுவைட் தன் புகையிலை இருமலோடு சிரித்தான், ஆனால் நகரவில்லை. அவனை விலக்க வேறு வழியின்றி அவள் குரலைத் தாழ்த்தினாள்: "இங்க பாரு, அது ஹார்லனுக்காக எழுதினது. நான் போறது கைம்பெண் ஓடை. அங்க கழுதை ஏறாது."

டுவைட் தலையசைத்துவிட்டுப் போனான். போனவன் நேரே தேவாலயத்துக்குப் போய், அண்ணி தற்கொலைக்கு ஆயத்தமாகிறாள் என்னும் தோரணையில் போதகரிடம் முறையிட்டான்.

பாடகர் குழுவின் ஒத்திகை முடிந்ததும் போதகர் லுண்ட் அவளைப் படியிலேயே நிறுத்தினார்.

"ஆர்டித், நீங்க தனியா போறதா கேள்விப்பட்டேன். தடுக்க மாட்டேன். ஜெபக் குறிப்புல உங்க பேரைப் போடறேன். இடத்தோட பேரும் சொன்னீங்கன்னா..."

"கர்த்தருக்கு இடம் தெரியாதா போதகரே?"

"கர்த்தருக்குத் தெரியும். சபைக்குத் தெரியணுமே!"

ஜெபக் குறிப்பில் ஏறிய செய்தி உள்ளூர் வானொலியில் ஏறிய செய்தியை விட விரைந்து ஓடும் என்பதை ஆர்டித் அறிவாள். போதகரின் வண்டியில் பின்கண்ணாடிக்குக் குறுக்கே துப்பாக்கி மாட்டும் சட்டம் இருப்பதையும் அறிவாள். "ஈயச்சுரங்க ஓடை" என்றாள். சொன்ன இடம் தேவாலயப் படி என்பது பின்னரே உறைத்தது. அதற்குக் கழுவாயாக அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாடல்களையும் ஒரு சரணமும் விடாமல் பாடினாள்.

திங்கட்கிழமை பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் அவளுக்காகக் காவல்துறை வண்டி ஒன்று காத்திருந்தது. உள்ளிருந்து துணை ஷெரீப் பிரகெட் இறங்கினான். தேடிமீட்கும் குழுவுக்கு அவனே பொறுப்பாளன்.

"மிஸ், எனக்கு மூணு இடம் வந்திருக்கு. கரடிப்பல், கைம்பெண், ஈயச்சுரங்கம். ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்களை மூணு துண்டாவா தேடறது?"

"டேய் பிரகெட், ரெண்டாம் வகுப்புல என் பஸ் பூரா வாந்தி எடுத்தவன் நீ. என்னையே விசாரிக்கிறியா?"

"அதை மறக்கவே மாட்டீங்களா மிஸ்? இது சட்டப்படி கேக்கறேன்."

"சட்டப்படி சொல்றேன், எழுதிக்கோ. மூணும் பொய். நிஜம், உடைஞ்ச சேணம் ஓடை."

பிரகெட் எழுதிக்கொண்டான். அரசு கொடுத்த குறிப்பேட்டில் எழுதவில்லை; சட்டைப்பையிலிருந்து தன் சொந்தக் குறிப்பேட்டை எடுத்து அதில் எழுதினான். ஆர்டித் அதைக் கண்டும் காணாதவள்போல் இருந்தாள்.

அன்று மாலை அவளுக்கு முதன்முறையாக அச்சம் வந்தது. நான்கு பேரிடம் நான்கு பொய்கள். மெய்யாகவே கால் முறிந்து கிடந்தால், அவள் இல்லாத இடங்களிலெல்லாம் முறையாகவும் மனமாரவும் தேடுவார்கள். யாரேனும் ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். வேட்டையாடாத ஒருவருக்கு! ஊரில் அப்படி யார்? பல்மருத்துவர் வேட்டையாடுகிறார், பல் இல்லாத அவர் தந்தையும் வேட்டையாடுகிறார்.

நூலகத்துத் தெஸ்ஸா நினைவுக்கு வந்தாள். கடலோர நகரத்திலிருந்து வசந்தத்தில் வந்து சேர்ந்தவள். இறைச்சி உண்ணாதவள்; முட்டையையும் ஐயத்தோடு நோக்குபவள்.

"நான் திரும்பலைன்னா மட்டும் சொல்லணும். சாத்தான் படிக்கட்டு. உச்சியில இருக்கற புல்வெளி. அதுவரைக்கும் உன் நிழலுக்குக்கூடத் தெரியக் கூடாது" என்றாள் ஆர்டித்.

"சத்தியமா சொல்ல மாட்டேன் மேடம். ஆனா... அந்த மான் பாவம் இல்லையா?"

"பாவம்தான். நானும்தான். முப்பத்தோரு வருஷம் உருளைக்கிழங்கு சீவியிருக்கேன்."

வேட்டைக்காலம் திறப்பதற்கு முந்தைய நாள் நண்பகலில் ஆர்டித் மலையேறினாள். வண்டியைப் பழைய மர அறுவைக் கூடத்தின் பின்னே ஒளித்தாள். விழுந்த மரங்கள் மேல் ஏறியும், அவற்றின் கீழ் நுழைந்தும், கரடியை விரட்டும் காரப்புகைக் குப்பி இடுப்பில் இடிக்க, ஒவ்வொரு படியிலும் "முடியாதா? முடியாதா?" என்று ஹார்லனைக் கேட்டுக்கொண்டே ஏறினாள். புல்வெளியின் விளிம்பில், தீ மூட்டாமல், குளிர்ந்த ரொட்டியைத் தின்று உறங்கினாள்.

விடியலில் எல்க் கூவியது.

முதலில் புல்லாங்குழல், நடுவில் இரும்பைக் கீறும் ஒலி, முடிவில் மூன்று உறுமல். மலைச்சாரல் முழுதும் அந்தக் குரலை ஏந்தி நின்றது. ஆர்டித்தின் மெய் சிலிர்த்தது. புதர்களினூடே ஒரு பெரிய ஆண் எல்க் சுனையை நோக்கி மெல்ல வருவது தெரிந்தது. ஆனால் நெடுந்தொலைவு. அவள் மூச்சை அடக்கினாள்.

அப்போது கீழேயிருந்து மற்றொரு கூவல் எழுந்தது. புல்லாங்குழல் இருந்தது, கீறல் இருந்தது, முடிவில் உறுமலுக்கு மாறாகப் புகையிலை இருமல் வந்தது.

இடப்பக்கத்துப் பாறையிலிருந்து ஒன்று அதற்கு மறுமொழி கூறியது. அதன் சுருதி பிசகவேயில்லை. ஏதோ பாடலின் பல்லவிபோல் முடிந்தது. வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது கூவல் கிளம்பியது. ஒன்றை ஒன்று எல்க் என்று நம்பி, மூன்றும் மாறி மாறி அறைகூவிக்கொண்டு ஏறி வந்தன. இடையிடையே, "ஐயோ முட்டி!" என்று ஒரு நான்காவது ஒலியும் கேட்டது. அது எந்த எல்க்கும் எழுப்பும் ஒலி அன்று.

மெய்யான எல்க் தலையை உயர்த்தியது. சிறிது நேரம் அந்தக் கச்சேரியைச் செவிமடுத்தது. பிறகு, பொறுக்கமாட்டாத நல்ல இரசிகன்போல் திரும்பி, ஓசையற்ற ஒரே திசையாகிய ஆர்டித்தை நோக்கி நடந்து வந்தது.

ஒரே குண்டு. அது நின்றது, முழங்கால் மடித்தது, புல்லில் சாய்ந்தது. ஆர்டித் அருகே சென்று அதன் கழுத்தில் கைவைத்து, தொப்பியைக் கழற்றி, நன்றி கூறினாள். அவள் செய்துவிட்டாள், தன்னந்தனியே செய்துவிட்டாள்.

புல்வெளியின் விளிம்பில் வேட்டைக்காரர் அணியும் செம்மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. டுவைட். போதகர் லுண்ட். சீருடையற்ற பிரகெட். நெடுநேரம் கழித்து, பின்புறத்தால் ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து, ஹார்லன்.

பிரகெட்தான் முதலில் வாய் திறந்தான்: "மிஸ், உங்க பாதுகாப்புக்காகத்தான்..."

"ஆமாமா, சபை முழுக்க ஒரே கவலை" என்றார் போதகர்.

"உனக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவேனா?" என்றான் ஹார்லன், முழங்காலைத் தடவிக்கொண்டு.

ஆர்டித் நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அவர்கள் தோளில் தொங்கிய நான்கு துப்பாக்கிகளையும் பார்த்தாள்.

"அக்கறைக்கு எதுக்கு தூரநோக்கி மாட்டின துப்பாக்கி?"

பிரகெட் தன் துப்பாக்கியை மெல்ல முதுகுப்பக்கம் தள்ளினான்.

"சரி. எனக்காகத்தானே வந்தீங்க? ரொம்ப சந்தோஷம். போதகரே, வலது பின்தொடை உங்களுக்கு. பிரகெட், நீ இடது. டுவைட், முன்காலு ரெண்டும் நீ. ரெண்டு நடையா போ. கழுதை ஏறாத இடமாச்சே, நீதான் ஏறிட்டியே! ஹார்லன், இதயமும் நாக்கும் பையில போட்டுத் தரேன். உருட்டாம கொண்டு வா. தள்ளாதீங்க, வரிசையா நில்லுங்க!"

இருபத்தேழு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டிய குரல் அது. வரிசையாக நின்றார்கள்.

கூறுபோட்டு முடிந்ததும், சாத்தான் படிக்கட்டு வழியே அந்த ஊர்வலம் இறங்கியது. பின்னே இறைச்சிப் பொதிகளின் கீழ் முதுகு வளைந்த ஆடவர்கள். முன்னே, வாழ்நாளில் முதன்முறையாகக் கையில் துப்பாக்கி ஒன்றை மட்டும் ஏந்தி, நிமிர்ந்த நடையோடு ஆர்டித். போதகர் ஓரிடத்தில் கர்த்தரை அழைத்தார்; இம்முறை இடத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழைத்தார்.

அவள் நெஞ்சில் ஒரு முள் மட்டும் எஞ்சியிருந்தது. இறைச்சியைக் குளிர்கிடங்கில் சேர்த்ததும், இரத்தக் கறை படிந்த காலுடையோடு நேரே நூலகத்துக்குள் நுழைந்தாள்.

"முட்டைகூடத் தின்னாதவள்னு நம்பினேனே தெஸ்ஸா! ஊர்ல ஒரே ஒருத்திகிட்ட உண்மையைச் சொன்னேன். நாலு பேர் வந்து நிக்கறாங்க!"

தெஸ்ஸா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"நான் வாயே திறக்கல மேடம். வெள்ளிக்கிழமை நாலு பேரும் ஒண்ணா வந்து மலை வரைபடம் கேட்டாங்க. குடுத்தேன். பென்சில் கேட்டாங்க. அதையும் குடுத்தேன்."

"பென்சில் எதுக்கு?"

"ஒவ்வொரு ஓடையா கோடு போட்டு அடிக்கறதுக்கு மேடம். இந்த மலையில இருக்கறதே அஞ்சு ஓடை. நாலை நீங்களே ஆளுக்கு ஒண்ணா சொல்லி அனுப்பிட்டீங்களே!"