எர்ணாவூரில் கிடைத்த பூமிச்சூடு

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மைத்துனன் ஜெரிக்கு, எர்ணாவூரிலிருந்து மாமா சாலமன் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா இருதயம்மாளும் நலம். அவளுக்குச் சர்க்கரை முந்நூறு. அதைத் தவிர நலம். அந்தப் பனியில் உனக்குச் சளி பிடிக்காமலிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

ஜெர்மனியில் நீ இருக்கும் ஊரில் பூமிக்குள் இரண்டு மைல் துளை போட்டு, அந்தச் சூட்டைக் குழாயில் வீடுவீடாக விட முடியுமா என்று பார்க்கிறார்கள், உனக்கும் அதில் வேலை என்று கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே துளையே வேண்டாம், சூடு தானாக வந்துவிட்டது. நவம்பரிலிருந்து எங்கள் சமையலறைத் தரை கொதிக்கிறது. இட்லி மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்கி வாசலுக்கு வருகிறது, பூனை உள்ளே வருவதில்லை, நான் செருப்புப் போட்டுக்கொண்டும் குதித்துக் குதித்துத்தான் போகிறேன். உன் அக்கா மட்டும் வெறுங்காலோடு நாள் முழுக்க அங்கேயே நிற்கிறாள். "முட்டி வலி போயே பூட்ச்சுயா" என்று குஷி. இரும்புக் காலா உனக்கு என்று கேலி செய்வேன்.

அது என்ன சூடு என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த கம்பெனியின் கொதிக்கிற கழிவுநீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு அடியில்தான் போகிறது. என் வீட்டுக்கு நேரே உள்ள மூட்டுக்கு வெல்டு வைத்தவனே நான்தான். அது விட்டுப்போச்சு என்று எட்டு மனு கொடுத்தேன், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் உன் கடிதத்தை உன் அக்கா தெருவெல்லாம் படித்துக் காட்டியதும், இங்கேயும் பூமிச்சூடு என்று சேதி பரவி, புவிவெப்ப ஆய்வு என்று ஒரு குழுவே ஜீப்பில் வந்து இறங்கி, தரையில் தெர்மாமீட்டர் வைத்து, எனக்குச் சால்வை போட்டது. பக்கத்து வீட்டுப் பூவம்மா, "இன்னா சார், இந்த வெயில்ல வூட்டுக்கு வூடு சூடு வேற வுடப்போறீங்களா?" என்றாள். "கருவாடு காயவைக்கலாம்மா" என்றார் அதிகாரி. ஒரே மாதத்தில் தெருவுக்குப் புவிவெப்பம் என்று போர்டு, தார் ரோடு, விளக்கு! குழாய் என்றால் இதெல்லாம் வருமா? நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் உன் கம்பெனித் தாளில், இது பூமிச்சூடேதான் என்று ஒரு கடிதம் அனுப்பிவிடு.

நாளை பெரிய வியாழன். கோயிலில் ஃபாதர் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் உன் அக்காவும் ஒருத்தி. புதுச்சேலை எடுத்திருக்கிறாள். ஆண்டவர் உன் கூடவே இருப்பாராக.

இப்படிக்கு,
மாமா சாலமன்

பி.கு.: இன்று பெரிய வெள்ளி. கடிதத்தை நான் இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. நேற்றுப் பூசையில் ஃபாதர் உன் அக்காவின் காலைத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். துடைத்த துண்டோடு தோலும் கழன்று வந்தது. உள்ளங்கால் முழுக்க வெந்திருக்கிறது. "இன்னா ஃபாதர், கால் கலீஜா கீதா?" என்று இவள் கேட்கிறாள். சர்க்கரையில் காலுக்கு உணர்ச்சி போய் மாதக் கணக்காம். தெரிந்தே அவளை அந்தத் தரையில் நிற்கவிட்டவன் நான். இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

காலையில் குழுவிடம் குழாயைச் சொல்லி, என் வெல்டு இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். "குழாய் எங்க துறை இல்ல" என்று போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கேட்ட கடிதம் வேண்டாம், ஜெரி. உன் அக்காவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கேட்கிறாள்: "சீக்கிரம் வூட்டுக்கு இட்டுகினு போயா. அந்தத் தரைல நாலு நாளு நின்னா புண்ணு ஆறிடும்."