மைனாவுக்கு மந்திரித்துக் கொடுத்த வீடு

பத்து பாகாட்,
வியாழக்கிழமை.

சேசு மரி சூசை துணை.

மதிப்புக்குரிய பெரிய மச்சான் கில்பர்ட் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் அமலநாதன் வணக்கத்துடன் எழுதுவது. லாயாங் லாயாங்கில் நீங்களும் உங்கள் முட்டிவலியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே வினிஃப்ரெட் நலம், மைனாக்கள் மிக மிக நலம், நான் ஒருவன்தான் சரியில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உங்கள் தங்கை படித்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் செய்து கொடுத்த குருவி வீட்டைப் பற்றித்தான் புகார். முப்பத்தோரு வருடம் நெசவு ஆலையில் தறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் என் காதில் விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, கொல்லையில் முராய்க் குருவி பாடியது. கையிலிருந்த கோப்பி ஆறும்வரை நின்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். அந்தக் குருவிக்கு ஒரு வீடு வேண்டும், வாசல் சின்னதாக இருக்கட்டும் என்றுதானே கேட்டேன்? "நாப்பது வருஷம் பலகை அறுத்தவன்கிட்ட அளவு சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, டுரியான் பழமே நுழைகிற மாதிரி ஓட்டை போட்டீர்கள். ஒரே வாரத்தில் இரண்டு மைனாக்கள், வாய்நிறைய வைக்கோலோடு, சாவி வாங்கியவர்கள் போல உள்ளே போய்விட்டன. முராய் இன்றுவரை கண்ணில் படவில்லை. பாட்டு மட்டும் தினமும் கேட்கிறது. பாவம், எங்கேயோ ஒளிந்துகொண்டு, பறிபோன தன் வீட்டைப் பார்த்துப் பாடுகிறது போலும்.

சும்மா இருப்பேனா? பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன், மைனாக்கள் அதில் முகம் பார்த்துச் சிறகு கோதின. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ரப்பர் பாம்பு வாங்கி மரத்தில் சுற்றினேன், அவை அதன்மேல் உட்கார்ந்து எச்சம் போட்டன. ஆனால் பக்கத்து வீட்டு ராஜம்மா பார்த்துவிட்டு அலறிய அலறலில் பொம்பா தீயணைப்பு வண்டியே வந்து, நாலு பேர் நீளக் கொக்கி போட்டு அந்தப் பாம்பைப் பிடித்து, தலையில் அடித்துக்கொண்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சரி, வாசலையே சின்னதாக்குவோம் என்று ஒரு பலகையை ஆணியடித்தேன். பெண் மைனா உள்ளே இருந்தது எனக்கெப்படித் தெரியும்? அது போட்ட கூச்சலில் வினிஃப்ரெட் ஓடி வந்து, நான் அடித்த ஆணியை என்னையே பிடுங்க வைத்தாள்.

கடைசியில்தான் புத்தி கெட்டுப்போய் அந்தக் காரியத்தைச் செய்தேன். குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையை வீட்டு நிலையில் செருகுவோம் அல்லவா, கெட்டது எதுவும் உள்ளே வராதென்று? அதையே சிலுவையாக மடித்து, குருவி வீட்டு வாசலில் செருகினேன். மத்தியானத்துக்குள் மைனா அதை உருவி உள்ளே இழுத்து, மெத்தையாக விரித்து, அதன்மேல் முட்டையிட்டுவிட்டது!

கூட்டைக் கலைக்கலாம் என்று ஏணியில் ஏறினேன். கீழே உங்கள் தங்கை. "மந்திரிச்ச ஓலைங்க அது. கண்ட எடத்துல போட்டா எனக்கு மனசு கேக்காது. சாம்பல் புதனுக்கு முன்ன கோயில்ல குடுத்துத்தான் எரிக்கணும்." அடுத்த சாம்பல் புதன் பிப்ரவரியில், மச்சான்! அதுவரை அவர்களுக்கு ஆண்டவர் பேரில் குடியிருப்பு உரிமை!

ஆத்திரத்தில், "இதுங்க இந்த ஊருப் பறவையே இல்ல, இந்தியாவுலேருந்து வந்தேறுனதுங்க, வந்த எடத்துக்கே போகட்டும்" என்று கத்திவிட்டேன். அவள் ஏணியைப் பிடித்தபடியே, "பாத்துப் பேசுங்க லா. ஒங்க தாத்தா எந்த ஊருக் கப்பல்ல வந்தாரு? இதே வார்த்தைய ஒருத்தன் ஒங்களச் சொன்னப்ப மூணு நாள் சோறு எறங்கலயே" என்றாள். நான் பறவையைப் பற்றிப் பேசினால் இவள் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறாள். மூன்று நாளும் இல்லை, இரண்டு நாள்தான்.

ஆகவே என் வேண்டுகோள்: நீங்கள் கோயிலில் பீடத்து வேலை பார்ப்பவர், உங்கள் சொல்லைத் தங்கை தட்டமாட்டாள். அடுத்த வாரம் சனிக்கிழமை சுத்தியலோடு வந்து, பறவை எச்சம் பட்ட ஓலையில் மந்திரிப்பு தங்காது என்று அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். பொய்யென்றால் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் மலர் அக்காவுக்கு என் வணக்கம். தேவதாயார் உங்கள் முட்டியைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சொந்தக் கொல்லையில் செல்வாக்கிழந்த
அமலநாதன்

பி.கு.: நேற்று எழுதி வைத்த கடிதம் இது. இன்று காலை முராய் மிக அருகில் பாடியது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். குருவி வீட்டுக் கூரைமேல் அந்த மைனா நின்று, தொண்டை புடைக்க, முராய் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து பாடியதெல்லாம் இவன்தானாம். வினிஃப்ரெட்டுக்கு முன்பே தெரியுமாம். "நீங்க சந்தோஷமா கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்கிறாள். சனிக்கிழமை வாருங்கள், சுத்தியல் வேண்டாம். அடுத்த குருத்து ஞாயிறுக்கு எங்களுக்கு இரண்டு ஓலை எடுத்து வையுங்கள், ஒன்று எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு.