சிகாகோ அண்ணனின் பால் பவுடர் டின்

துபாய்க்கு வந்தும் அமெரிக்காவிலேயே குடியிருந்த ஒரே மனிதர் எங்கள் சிகாகோ அண்ணன்தான்.

எண்பதுகளில், துபாயின் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பில் நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரே மெஸ். அண்ணன் சைட்டில் கம்பி கட்டுபவர். சிகாகோவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவரிடம் அட்டை கிழிந்த ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. ஆலைகள் பெருகிய காலத்து அமெரிக்காவில் சாமானியர்கள் போராடிக் கொண்டுவந்த சீர்திருத்தங்களின் கதை. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், வாசித்துக் காட்டுவது என் டூட்டி. ஆகவே, பின்னால் நடந்ததில் பாதிப் பழி எனக்கு.

ரகசிய ஓட்டைப் பற்றி வாசித்த வாரமே மெஸ்ஸுக்குத் தலைவர் தேர்தல் வைத்தார். போர்வை மறைப்புக்குப் பின்னால் பால் பவுடர் டின். வேண்டும் என்றால் கொண்டைக்கடலை, வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. எதிர்த்து நிற்க யாருக்கும் தெம்பில்லை, அண்ணனே ஜெயித்தார். “தலைவராயிட்டேன்னு வீட்டுக்கு எழுது தம்பி” என்றார். எழுதினேன்.

பிறகுதான் சிகாகோ இறைச்சி ஆலைகளின் அழுக்கைப் பற்றி வாசித்துத் தொலைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை பிரியாணிக் கறியைத் துண்டு துண்டாக டார்ச் அடித்துச் சோதித்தார் அண்ணன். சமையல்காரர் காதர் பாய் அடுப்பைவிட அதிகமாகக் கொதித்தார்.

“யோவ், கறிக்குள்ள என்னத்தய்யா தேடுறே? பாஸ்போர்ட்டையா?”

“சுத்தத்தத் தேடுறேன் பாய். சிகாகோவுல இப்பிடித்தான்.”

“சிகாகோவுல மத்தியானச் சோத்த எத்தன மணிக்குத் திம்பாங்க?”

எங்களுக்கு நாலரைக்குக் கிடைத்தது. வாரத்துக்கு ஒரே லீவு, ஒரே பிரியாணி. மூன்று வெள்ளிக்கிழமைகள் இதே கதி.

நான்காம் வெள்ளி, பாய் கரண்டியோடு வந்தார். “ஏய்யா சிகாகோ, சரியில்லாத தலைவர ஓட்டுப் போட்டு நடுவுலயே எறக்கலாம்னு ஒன் பொஸ்தகத்துலயே இருக்காமே?”

பசி தாங்காமல் அவரிடம் அதைச் சொல்லிவைத்தவனும் நான்தான்.

அண்ணன் முகம் சுருங்கியது. ஆனால் டின்னைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தது அவரேதான். எண்ணியதும் அவரே. பதினேழு புளியங்கொட்டை. ஒரே ஒரு கடலை.

“கலாஸ்! முடிஞ்சுது கதை” என்றார் பாய். “அந்த ஒண்ணு ஒன்னோடதுதானேய்யா?”

கேம்ப்பே சிரித்தது.  அண்ணன் டார்ச்சைப் பாயிடம் ஒப்படைத்துவிட்டு, “அடுத்த பக்கத்த வாசி தம்பி” என்றார்.

எனக்கு எழுத்து ஓடவில்லை. அந்தக் கடலை நான் போட்டது. அண்ணன் தன் ஓட்டையும் பசித்தவர்கள் பக்கமே போட்டிருந்தார்.