மழைக்கழிவு போக மருந்து

மூச்சிழுத்துத் திணறும் கணவன் ஆண்டியப்பனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மீனம்மா தோட்டத்து அரசாங்க வைத்தியசாலைக்குள் பாய்ந்தபோது, உள்ளே மருத்துவ உலகின் வரலாறே திரும்பிக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டிகளைத் தேயிலைக் கொழுந்துத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தோம்.

‘நோயாளியைத் தேடி மருந்து’ எங்கள் விநியோக மேம்பாட்டுக் குழுவின் மகத்தான திட்டம். செயலாளர் அடியேன். நானுஓயா ரயில் நிலையத்தில் வந்திறங்கும் மருந்து இனி வாகனத்துக்குக் காத்திராது; கொழுந்து லொறியிலேயே மலையேறிவிடும். லொறியில் எது வந்தாலும் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு அழகுமுத்து நிறுப்பார். நிறுத்தால், கொழுந்து எடையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதுபோலவே கழிப்பார். பரம்பரை நிர்வாகத் திறமை!

“சாக்குக்கு ஒண்ணு, மழைத்தண்ணிக்கு ரெண்டு,” என்று மூன்று பெட்டிகளை ஒதுக்கினார்.

மருந்தாளர் கஜதீபன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ‘முன்னேற்றம்’ புரியாதவர்.

“ஐயா, பொலித்தீன் சுத்தின பெட்டி. இதிலை எங்கை தண்ணி?”

“மழை பெஞ்சிச்சா இல்லியா தம்பி? கொழுந்துக்கு ஒரு சட்டம், மாத்திரைக்கு ஒரு சட்டமா?”

“சட்டத்த அப்புறமா பேசுங்கய்யா,” என்றாள் மீனம்மா. “இவருக்கு இழுப்புக்கு ஊதுற பம்ப் எந்தப் பெட்டியில?”

கஜதீபன் கழிவுப் பெட்டியைக் காட்டினார். “அதுக்குள்ளைதான் அம்மா.”

அழகுமுத்து மனமார வருந்தினார். “கழிச்சத திருப்பி எடுத்தா தராசுக்கு என்னம்மா மரியாதை?”

கஜதீபன் ஆண்டியப்பனை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினார். அலமாரியில் தடவ வேறொன்றும் இல்லை.

நிலைமையைக் காப்பாற்றியது குழுதான், அதாவது நான். “ஏம்மா கலங்குறீங்க? லிந்துலை மருந்துக்கடையில கட்டாயம் கிடைக்கும்.”

“அங்க மட்டும் எப்பவும் இருக்கே, எப்படிங்கய்யா? அங்க மழையே பெய்யாதா?”

ஆழமான கேள்வி. அடுத்த கூட்டத்தில் ஆராய்வதாக உறுதியளித்தேன். இருவரையும் என் ஆட்டோவில் ஏற்றினேன். ‘அப்புறப்படுத்த வேண்டிய’ கழிவுப் பெட்டிகளையும் பின்னால் அடுக்கிக்கொண்டேன். வளைவுகளில் பறந்தேன்.

கடை பூட்டியிருந்தது.

ஆண்டியப்பனின் உதடு நீலம் பாரித்திருந்தது. “ஐயோ சாமி, யாருகிட்டங்க சாவி?” மீனம்மா பூட்டைப் பிடித்து உலுக்கினாள்.

“பதறாதீங்கம்மா.”

என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கடையைத் திறந்தேன். கழிவுப் பெட்டியைப் பிரித்து, பம்பை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

விலை சொன்னேன்.